குடம் சுமக்கும் பிள்ளைக்கு ஏது நேரம்?

நம் பாடசாலையின் விளையாட்டுப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் அதிபர் சிதம்பரநாதன் ஐயா அவர்களே, வெலிமடையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களைப் பெருமைப்படுத்தும் விருந்தினர்களே, அருமை ஆசிரியர்களே, பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, கைதட்டிக் கைதட்டிக் களைத்துப்போன என் கண்மணிகளே, உங்கள் விளையாட்டு ஆசிரியை ஸில்மியாவின் அன்பு வணக்கம்!

படிப்பையும் விளையாட்டையும் ஒருசேரச் சமாளிப்பது எப்படி என்று பேசும்படி அதிபர் ஐயா பணித்தார். பேசலாம். அட்டவணை போடு என்று சொல்லலாம். அதிகாலையில் எழு என்று சொல்லலாம். கைப்பேசியைத் தள்ளி வை என்றும் சொல்லலாம். ஆமாம் அம்மா, நீங்கள் பலமாகத் தலையாட்டுவது இங்கே தெரிகிறது! ஆனால் இவை அத்தனையையும் பதினோராம் தர மாணவி பிரஷாந்தினி செய்துவிட்டாள். செய்த பிறகும் போன வாரம் என் முன்னால் வந்து நின்று அழுதாள். அவளிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

"மிஸ், நான் ஓட்டத்த விட்டுர்றேன்" என்றாள்.

அடுத்த மாதம் மாகாணப் போட்டி! அதற்குத் தெரிவான நம் பாடசாலையின் ஒரே பிள்ளை! பதறிப்போய், ஏனம்மா என்றேன்.

"கிளாஸ் முடிஞ்சு பிராக்டிஸுக்கு நின்னா, பைப்புல தண்ணி நின்னுருது மிஸ். கிளாஸ விட்டா பரீட்சையில பெயிலாயிருவேன். நான் எதத்தான் விடுறது?"

எதை விடுவது? படிப்பையா? பந்தயத்தையா? பசியோடு வீடு திரும்பும் குடும்பத்தின் பானையையா?

அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கே போனேன். அவளுடைய அம்மா சரஸ்வதி அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தார். "எனக்கு மட்டும் ஆச இல்லையா மிஸ்? நான் வர்றதுக்குள்ள தண்ணி நின்னுரும். அவ புடிக்கலன்னா சோறு எப்படி ஆக்குறது?" என்று கேட்டார். அந்தத் தாய்மேல் என்ன பிழை சொல்ல முடியும்?

ஆனால் சபையோரே, அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறார். சற்றுமுன் இந்த மேடையில் கிண்ணம் வாங்கிய கிரிக்கெட் அணித் தலைவர் கிரிஷாந்தன், பிரஷாந்தினியின் அண்ணன்! அவருக்கும் படிப்பு உண்டு. அவருக்கும் பயிற்சி உண்டு. குடம் மட்டும் கிடையாது. ஏன்?

பின்வரிசையில் என்ன சிரிப்பு? தம்பி கிரிஷாந்தன், எழுந்து சொல்லுங்கள். நீங்கள் தண்ணீர் பிடித்தால் என்ன?

"பைப்படியில பொம்பளைங்கதான் நிப்பாங்க மிஸ். பசங்க கிண்டல் பண்ணுவானுங்க."

மனதில் உள்ளதை மறைக்காமல் சொன்னார், எனக்குக் கோபமில்லை. ஆனால் கிண்டல் செய்யப்போவது யார்? உங்கள் அணிப் பையன்கள்தானே? அவர்களின் தலைவர் நீங்கள்தானே? நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து உங்கள் தங்கையின் கால்கள் நிற்பதா? அவள் கண்கள் நனைவதா? அவள் கனவு கலைவதா? சொல்லுங்கள் தம்பி!

"...பிராக்டிஸ கொஞ்சம் பிந்தி வைக்கிறேன் மிஸ். தண்ணிய நான் புடிக்கிறேன்."

கேட்டீர்களா? இந்தக் கைதட்டல் பதுளை டவுன் வரைக்கும் கேட்கட்டும்! சரஸ்வதி அம்மா, உங்களுக்குச் சம்மதமா?

"புடிச்சா சரிதான் மிஸ். ஆனா பாதிக் குடத்தோட வரக்கூடாது!"

அன்பான பெற்றோர்களே, நேரத்தைத் திட்டமிடு, நேரத்தைத் திட்டமிடு என்று பிள்ளையை விரட்டுகிறோம். திட்டமிட அவளிடம் நேரத்தை விட்டு வைத்தோமா? அவள் மாலையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம், இரவை வகுப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டோம், மிச்சத்தில் ஜெயித்துக் காட்டு என்கிறோம். இது நியாயமா? ஒரு பிள்ளை படிக்கவும் ஓடவும் வேண்டுமென்றால், வீட்டு வேலையை வீடே பங்குபோட வேண்டும். அண்ணனும் சேர வேண்டும், அப்பாவும் சேர வேண்டும். ஆமாம் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன், குனிய வேண்டாம்!

அதிபர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரத்தைப் பற்றிப் பேச வந்தவளே நேரம் தவறினால் அழகில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், எழுந்து நின்று பதில் சொன்ன கிரிஷாந்தனுக்கும் என் மனமார்ந்த நன்றி.

பிரஷாந்தினி, கண்ணைத் துடைத்துக்கொள். நாளை வகுப்பு முடிந்ததும் நேரே மைதானத்துக்கு வா. பிந்தி வந்தால் இனி எந்தச் சாக்கும் செல்லாது!

வணக்கம்.