கதவைச் சாத்தின வீடுகள்

— ஏழா? இந்த மாசம் மட்டுமா?

— ஆமா ராகவன் சார். காலைல சேலையூர்ல ஒண்ணு, இப்போ செம்பாக்கத்துல ஒண்ணு. டீ சொல்லட்டா?

— வேண்டாம். ஏற்கெனவே வயிறு எரியறது.

— இன்னா சார், அல்சரா?

— நீதான்ப்பா சிட்டிபாபு! ஒன்பது வருஷமா தாம்பரம் பூரா வேக்குவம் கிளீனரைத் தூக்கிண்டு அலையறேன். எனக்கு ரெண்டு. நாலு மாசம் முன்னாடி வந்த பய, உனக்கு ஏழு. பொறாமையா இருக்காதா?

— கண்ணு வைக்காதீங்க சார்...

— எங்கே போய் வேண்டிண்டே? சிங்கப்பெருமாள் கோவிலா?

— அட, அதெல்லாம் இல்ல. வேணாம்னு கதவைச் சாத்துவாங்க. நாலு நாள் கழிச்சு திரும்பப் போவேன்.

— வெக்கமா இருக்காது?

— கதவைத்தான சார் சாத்துனாங்க? வூட்டை வித்துட்டா போய்ட்டாங்க?

— எனக்கு ஒரு கதவு சாத்தினா அன்னிக்குப் பொழுதே போச்சு. நேரா பார்க்குல போய் உக்காந்துடுவேன்.

— தெரியும் சார். பாத்துக்கினுதான் கீறேன்.

— பார்த்தியா?... சரி விடு. திங்கக்கிழமை சூப்பர்வைசர் யாருன்னு மேனேஜர் சொல்லப்போறார். அதுல மட்டும் நீ குறுக்கே வந்தே...

— சார், ஒண்ணு கேக்கட்டா? பொருட்காட்சில ஜனங்க அட்ரஸ் எழுதிப் போட்ட கார்டெல்லாம் நீங்கதான பிரிச்சுத் தர்றீங்க?

— சீனியர் நான். நான்தான் பிரிப்பேன்.

— எனக்கு வந்ததெல்லாம் செத்த கார்டு.

— யார் சொன்னா?

— மொத வூட்டம்மாவே சொல்லிச்சு. "போன வாரந்தான் கண்ணாடி போட்டவரு ஒருத்தர் வந்தாரு, வேணாம்னு அனுப்சேன்"னு. அடுத்த வூட்லயும் அதே கண்ணாடி...

— ஆமாண்டா! என் மூஞ்சில கதவைச் சாத்தின வீடெல்லாம் உனக்குத் தள்ளினேன். நீயும் நாலு அடி வாங்கணும்னு. நீ என்னடான்னா வித்துட்டு வந்து நிக்கறே!

— கோவப்படாதீங்க சார்.

— மேனேஜர்ட்ட சொல்லிட்டியா?

— சொல்லல.

— ஏன்?

— ஒருத்தரை வெரட்டுனவங்களுக்கு மனசு உறுத்தும் சார். அடுத்த ஆளு போனா உக்காரச் சொல்லி தண்ணி குடுப்பாங்க. அந்தக் கார்டு எனக்கு நல்லாத்தான் கீது.

— இதோ பார்... நான் சூப்பர்வைசரானா இனிமே உனக்கு நல்ல கார்டுதான். பெருமாள் சத்தியமா.

— சார்... மேனேஜர் நேத்தே எனக்கு சூப்பர்வைசர் லெட்டர் குடுத்துட்டாரு. இனிமே நான்தான் பிரிக்கணுமாம்.

— ...அப்போ எனக்கு செத்த கார்டா?

— சேச்சே! நல்ல கார்டு பூரா உங்களுக்குத்தான் சார், எப்பவும் போல. செத்ததை நானே வெச்சுக்கறேன்.