அமுலுவின் பத்து விரல்

...எனக்கு முன்னாடி பேசினவரு, "ரோட்டோரப் பசங்களுக்கு நாமதான் அடையாள அட்டை வாங்கிக் குடுத்தோம்"னு சொன்னாரு. நீங்களும் நல்லா கை தட்டினீங்க. தட்டுங்க, தப்பில்ல. ஆனா ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கேட்டுட்டு, யாருக்குக் கை தட்டறதுன்னு அப்புறம் முடிவு பண்ணுங்க.

பிராட்வே பக்கம் ஒரு பிளாட்பாரம். அங்க அமுலுன்னு ஒரு பொண்ணு. இருபது வயசு. பொறந்தது அந்தப் பிளாட்பாரம், வளர்ந்தது அந்தப் பிளாட்பாரம், மழை வந்தா மட்டும் எதிர்க்கடை ஷட்டர் ஓரம். அங்க எல்லாருக்கும் ஒரே வேலைதான், பூண்டு உரிக்கறது. காலைல மார்க்கெட்லேருந்து மூட்டை வரும். உரிச்சுக் குடுத்தாத்தான் அன்னைக்கு உலை கொதிக்கும்.

இந்த அமுலு ஆட்டோ ஓட்டக் கத்துக்கிட்டா! பொம்பளைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற எடத்துல சேர்ந்து, எல்லாரையும்விட நல்லா ஓட்டினா. ஓட்ட மாட்டாளா? ரோட்டுலயே வளர்ந்தவளுக்கு எந்தச் சந்து எங்க போகுதுன்னு நாம சொல்லணுமா? அவங்களே குடுக்கற வண்டியும் ரெடி. ஆனா லைசென்ஸ் வேணும். லைசென்ஸுக்கு ஆதார் வேணும். தீபாவளிக்குள்ள லைசென்ஸ் காட்டலன்னா வண்டி அடுத்த பொண்ணுக்குப் போயிடும். அமுலுகிட்ட என்ன இருந்துச்சு? பர்த் சர்ட்டிபிகேட் இல்ல, ரேஷன் கார்டு இல்ல... வீடே இல்லாதவளுக்கு விலாசம் எங்கேருந்து வரும்?

விலாசத்துக்கு நம்ம சங்கம் அலைஞ்சு கையெழுத்து வாங்குச்சு. அது நம்ம வேலை, அதைப் பெருசா பேச வேணாம்.

ஆதார் சென்டருக்குப் போற அன்னைக்கு அமுலு என்ன பண்ணா தெரியுமா? குளிச்சா... தலை சீவினா... அப்புறம் சோப்பைப் போட்டு, பிளாட்பார ஓரக் கல்லுல ரெண்டு கையையும் தேய் தேய்னு தேய்ச்சா. ஏன்? அழுக்குக் கையோட போனா வெளிய தள்ளிடுவாங்களாம்! இந்த ஊரு அவளுக்குச் சின்ன வயசுலேருந்து சொல்லிக் குடுத்த பாடம் அது ஒண்ணுதான்.

போட்டோ எடுத்தாங்க. கண்ணைப் படம் எடுத்தாங்க. விரலை வெச்சா... மெஷின் எடுக்கல. மறுபடி வெச்சா... எடுக்கல. "கை சரியில்ல, அப்புறம் வாம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. இவ என்ன நினைச்சா? அழுக்கு போகலன்னு நினைச்சா! அடுத்த தடவை இன்னும் அழுத்தித் தேய்ச்சா. ரத்தம் கசியற வரைக்கும் தேய்ச்சா. போனா... இன்னும் மோசம்.

மெஷின்கிட்ட இருந்த பொண்ணு அவ கையைத் திருப்பிப் பார்த்துச்சு.

"என்னம்மா பண்ணே கைய?"

"கழுவினேன் மேடம். நல்லாத்தான் கழுவினேன்."

"ஐயோ, இது அழுக்கு இல்லம்மா... ரேகையே தேஞ்சு போச்சு. என்ன வேலை செய்யற?"

"பூண்டு உரிக்கறேன்."

"கொஞ்ச நாளைக்கு உரிக்காத. கல்லுல தேய்க்காத. எண்ணெய் தடவிட்டு கைய சும்மா வெச்சிரு, ரேகை தானா வரும்."

கையைச் சும்மா வைக்கறதாம்! அம்மாவுக்கு முடியல, இவ உரிச்சாத்தான் ரெண்டு பேருக்கும் சோறு. பிளாட்பாரத்துக்கு வந்தா. "போவட்டும், ஆட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம்"னு பூண்டைக் கையில எடுத்தா.

பக்கத்துல உரிக்கறது தனக்கோட்டி. வாய்னா அப்படி ஒரு வாய்! சண்டைன்னா அதுதான் மொத ஆளு. அது ஒரு கத்து கத்துச்சு பாருங்க...

"ஏய்! கீய போடுடி அந்தப் பூண்ட!"

"அப்ப சோத்துக்கு இன்னாக்கா பண்றது?"

இங்க ஒண்ணு சொல்லணும். அந்தப் பிளாட்பாரத்துல ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது குழந்தை பொறந்தா, அவ தேறி உட்கார்ற வரைக்கும் அவ மூட்டையை மத்தவங்க பங்கு போட்டு உரிப்பாங்க. கூலி அவளுக்கே. யாரும் கேட்கறதும் இல்ல, யாரும் சொல்லிக் காட்டறதும் இல்ல.

தனக்கோட்டி எழுந்து நின்னுச்சு. "இன்னாடி பாத்துக்கினு கீறீங்க? புள்ள பொறந்தா மூட்டைய நாம உரிக்கறோமா இல்லியா? கவர்மெண்ட்டுக்கு இவ இன்னும் பொறக்கவே இல்ல! இப்பத்தான் பொறக்கப் போறா! எடுத்தாங்கடி அந்த மூட்டைய!"

உரிச்சாங்கய்யா... அவங்கவங்க மூட்டையையும் உரிச்சு, அமுலு மூட்டையையும் உரிச்சாங்க! அமுலு கை முழுக்கத் தேங்காயெண்ணெய். குடத்தைத் தூக்கப் போனா, "பச்ச ஒடம்புக்காரி, சும்மா குந்து!"ன்னு கிண்டல் வேற.

கை தேறினதும் எல்லாருமா சென்டருக்குப் போனாங்க. இடது கை... எடுத்துச்சு. வலது கை... எடுத்துச்சு. கட்டை விரல் ரெண்டும்... எடுத்துச்சு! வாசல்லேருந்து தனக்கோட்டி எட்டிப் பார்த்து, "இன்னா கொயந்தடி?"ன்னு கேட்டுச்சு.

"பொண்ணுக்கா!"ன்னா அமுலு.

தீபாவளிக்கு முன்னாடியே லைசென்ஸ் வந்துச்சு. வண்டியும் வந்துச்சு. அதோட நிக்கலங்க. அடுத்து கார்டுக்கு ஒரு பையன், அதுக்கடுத்தது இன்னொரு பொண்ணு... ஒவ்வொருத்தருக்கும் அதே மாதிரி மூட்டை உரிச்சாங்க. அமுலு சவாரி முடிஞ்சு வந்து, ஆட்டோவை ஓரங்கட்டிட்டு, அவங்க பூண்டை உரிச்சா. இன்னைக்கு அந்தப் பிளாட்பாரத்துல கார்டு இல்லாத பசங்க ஒருத்தரும் இல்ல!

இப்ப சொல்லுங்க. யாரு வாங்கிக் குடுத்தது? நாமளா? கார்டுல இருக்கற விலாசத்துக்கு வேணா நாம அலைஞ்சிருக்கலாம். ஆனா அந்த ரேகை இருக்கே... அமுலுவோட பத்து விரல் பதியறதுக்கு எத்தனை விரல் தேஞ்சிருக்கு! அந்த ஜனங்களோட நானும் நிக்கறேன்னு நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குங்க, நெஞ்சு நிமிருது.

நாளைக்கு ஆதார் முகாமுக்குப் போகப்போற பிள்ளைங்களா, உங்களுக்குத்தான் சொல்றேன். எடுத்த எடுப்புல "பேப்பர் இருக்கா?"ன்னு கேட்காதீங்க. "உனக்கு யார் இருக்கா?"ன்னு கேளுங்க. பேப்பர் இல்லாதவன்கூட, எனக்கு ஆள் இருக்குன்னு கையைக் காட்டுவான். அந்தக் கை காட்டற பக்கம் போங்க. பாதி வேலை அங்க ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கும்.

இப்ப கை தட்டுங்க... யாருக்குன்னு தெரிஞ்சு தட்டுங்க!