மண்ணாங்கட்டி மேடு

அது வெள்ளைக்காரன் ராச்சியம். பாலாத்துக்குத் தெக்கால கருக்கம்பாடின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல கன்னியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குப் புள்ளைங்க பொறக்குமாம், தங்காதாம். நாலு பொறந்துச்சு, நாலும் போச்சு. அஞ்சாவது பொறந்தப்போ ஊர்ல சொன்னாங்களாம், "நல்ல பேரு வெக்காதடி, எமன் காதுல விழும்"னு. சரின்னு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சா. எமன் வந்தாலும், "ச்சீ, இது எனக்கெதுக்கு"ன்னு போயிடுவானாம். புள்ள தங்கிட்டான்.

அவனுக்குக் கூட்டாளி பக்கத்து வூட்டுத் தணிகாசலம். ஏர் ஓட்டப் போனாலும் ரெண்டு பேரு, ஆத்துக்குப் போனாலும் ரெண்டு பேரு.

அப்போ செர்மன்காரன் சண்டை வந்துச்சு. தமுக்கு அடிச்சு ஆளு எடுத்தாங்க. கருக்கம்பாடியிலருந்து பதினோரு பேரு போனாங்க. தணிகாசலம் போறான்னு மண்ணாங்கட்டியும் போனான். கப்பல் ஏறி, கடல் தாண்டி, பஸ்ராவாம், அங்க எறக்கி உட்டாங்களாம். எங்க பாத்தாலும் மணலு. ஒதுங்க ஒரு முள்ளு மரம் கூட இல்ல.

ஒரு சண்டையில இந்தப் பதினோரு பேரும் ஒரு பள்ளத்துல மாட்டிக்கினாங்க. தணிகாசலத்துக்குத் தொடையில குண்டு. ரெண்டு நாளா வாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. எதுத்தாப்புலயே ஆறு ஓடுது. ஆத்துக்கு அந்தாண்ட துப்பாக்கி காத்துக்கினு இருக்குது. ஒருத்தனும் அசையல. மண்ணாங்கட்டிதான் தோல்பையை எடுத்துக்கினு மார்லயே ஊர்ந்து போனானாம். போனான், மொண்டான், வந்தான். பத்துப் பேரு வாயிலயும் ஊத்துனான். கடைசி வாய் தணிகாசலத்துக்கு.

குடிச்சவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கலியே. "டேய் கட்டி, இன்னும் ஒரு வாய் இருந்தா உசுரு நிக்கும்டா"ன்னானாம்.

"இரு, வரேன்"னு போனான். போனான், மொண்டான். வரல.

சாயந்திரமா வேற பட்டாளம் வந்து இந்தப் பத்துப் பேரையும் தூக்கினு போச்சு. ஆத்தோரம் கெடந்தவனை எடுக்க நேரமில்லன்னுட்டாங்க.

சண்டை முடிஞ்சுது. ஊர் திரும்புற நேரம், பட்டாளத்து ரைட்டரு மேசை போட்டுக்கினு பேரு கேக்கறாரு. அவரும் நம்ம பக்கத்து ஆளுதானாம்.

"கருக்கம்பாடி ஆளுங்கள்ல செத்தவன் யாராவது உண்டா?"

"மண்ணாங்கட்டிங்க."

"இன்னாது?"

"மண்ணாங்கட்டிங்க."

ரைட்டருக்குச் சிரிப்புத் தாங்கல. "ஏன்டா, தொரை படிக்கற தாள்ல மண்ணாங்கட்டின்னு எழுதவா? பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லியே. சேக்கும்போது எவனோ பேரையும் ஊரையும் மாத்தி எழுதியிருக்கான். சரி, ரெண்டு பேரு நின்னு சாட்சி சொல்லுங்க, விசாரிப்போம். ஆனா கப்பல் நாளைக்கு. அடுத்தது எப்பன்னு எனக்குத் தெரியாது."

பத்துப் பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கினாங்க. எவனோ ஒருத்தன் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. தணிகாசலமும் சிரிச்சானாம். சிரிச்சுட்டுக் கப்பல் ஏறிட்டான்.

ஊருக்கு வந்தான். "குண்டு பட்டுச் செத்தான் பெரிம்மா"ன்னு கன்னியம்மா கிட்ட சொன்னான். தண்ணி கேட்டதைச் சொல்லல. சிரிச்சதையும் சொல்லல.

பதினெட்டு வருசம் போச்சு. ஒரு நாள் மேலிடத்துலருந்து வண்டியில ஒரு கல்லு வந்துச்சாம். ஏரிக்கரை வழியோரம் நட்டாங்க. 'இந்த ஊரிலிருந்து யுத்தத்துக்குப் போனவர் பத்துப் பேர். மாண்டவர் இல்லை'ன்னு எழுதி, கீழ பத்துப் பேரு. ஊரே கூடிச்சு. கன்னியம்மா கோலு ஊனிக்கினு வந்தா. அவளுக்கு எழுத்துத் தெரியாது. தணிகாசலம் பட்டாளத்துல எழுத்துக் கத்துக்கினவன்.

"தணிகா, எம்புள்ள பேரு எங்க இருக்குது? என் வெரலை வெச்சுக் காட்டு நைனா."

மத்த ஒம்போது பேரும் தரையைப் பாத்தாங்க. தணிகாசலம் அந்த வெரலைப் புடிச்சான். கல்லு மேல வெச்சான். தன் பேரு மேலயே வெச்சான்.

"இதான் பெரிம்மா."

அன்னிலருந்து அமாவாசைக்கு அமாவாசை அந்தப் பேருக்கு மஞ்சளு, குங்குமம், பூவு, கற்பூரம். அமாவாசை வந்தா தணிகாசலத்துக்கு ஒரு வாய் சோறு எறங்காதாம். அவன் பொண்டாட்டி கேட்டாளாம்: "உசுரோட இருக்கற மனுசனுக்குக் கருமாதியா? போய்ச் சொல்லித் தொலையேன்யா!" அவன் போகல. ஏழு வருசம் போகல.

அப்புறம் ஒரு ஆடி அமாவாசை. உச்சி வெயிலு. கன்னியம்மா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்தா. "நாக்கு வறண்டு செத்தியோ இன்னாவோ, குடி நைனா"ன்னு அந்தப் பேரு மேல ஊத்துனா. கரை மேல நின்னுக்கினு இருந்த தணிகாசலம் ஓடியாந்து அவ கால்ல விழுந்தான்.

"பெரிம்மா, அது என் பேரு. அவன் பேரு இதுல இல்ல." எல்லாத்தையும் சொன்னான்.

அவ அழலியாம். சொம்பைக் கீழ வெச்சா.

"தண்ணி கேட்டவன் நீதானா?"

"நான்தான்."

"அவன் பேரு எழுதும்போது?"

"சிரிச்சேன்."

"எமனுக்குத் தெரிஞ்ச பேருடா அது. உனக்குத் தெரியாமப் போச்சா?"

முந்தானையால குங்குமத்தைத் துடைச்சா. பக்கத்துக் கழனியில எறங்கி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாந்தா. கல்லு தலை மேல வெச்சா. "எம்புள்ள பேரு இதான். இதைப் படிக்க எழுத்து வேணாம்."

தணிகாசலமும் குனிஞ்சு ஒண்ணு எடுத்தானாம்.

"போடு கீழ. உன் கையில இருந்தா அது வெறும் மண்ணு."

போட்டுட்டான்.

மழை கரைச்சுது, அவ மறுபடி வெச்சா. அவ போனப்புறம் ஏர் ஓட்டப் போறவங்க வெச்சாங்க, களை எடுக்கப் போறவங்க வெச்சாங்க. தணிகாசலம் சாகற வரைக்கும் தெனமும் வந்து கையைக் கட்டிக்கினு நிப்பானாம். ஒருத்தரும் அவனை 'வா'ன்னு சொல்லல. வெச்சு வெச்சு, கரைஞ்சு கரைஞ்சு, கல்லு உள்ள போயிடுச்சு. அந்தப் பத்துப் பேரு எது எதுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. மேலே இருக்கற பேரு மட்டுந்தான் ஊருக்குத் தெரியும். மண்ணாங்கட்டி மேடு.

அந்த வழியா யாரு போனாலும் ஒரு கட்டி எடுத்து வெச்சுட்டுத்தான் போவாங்க. தணிகாசலம் வம்சத்துல பொறந்தவங்க மட்டும் வெக்கறதில்ல. நீங்க அந்தப் பக்கமாத்தானே போறீங்க, ஒண்ணு எடுத்து வெச்சுட்டுப் போங்க. நாங்க வெக்கக் கூடாது.