தொப்புளுக்கு விற்காத மஞ்சள்

ஒரு பச்சைக் குழந்தை சாவிலிருந்து தப்பித்தது. நடந்தது அவ்வளவுதான். எப்படித் தப்பித்தது? கொஞ்சம் காது கொடுங்க தாய்மார்களே, சின்னக் கதைதான், சொல்லிடறேன்.

என் மஞ்சள் மண்டியில் சாக்குத் தைக்கிற குஞ்சம்மாள் ஒரு நாள் காலையில் சிரித்த முகமாக வந்து நின்றார்.

"மொதலாளி, நல்ல மஞ்சளா நூறு கிராம் கொடுங்க. தம்பி பொண்டாட்டிக்கு ஆம்பளப் பையன்! வண்டி வர்றதுக்குள்ள வூட்லயே பொறந்துட்டான். தொப்புள்ல வெக்கோணும்."

"கொடியை எதுலம்மா அறுத்தீங்க?"

"கதிரருவாள்லதான். கழுவித்தானுங்க அறுத்தோம்."

"மாசமா இருக்கறப்ப அந்தப் பொண்ணு தடுப்பூசி போட்டுச்சா?"

"கை வீங்குமுன்னு போகலீங்க..."

நான் தராசைத் தள்ளி வைத்தேன். "மஞ்சள் கிடையாது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

குஞ்சம்மாள் விடுவாரா? "நூறு கிராமுன்னா கேவலமாப் போச்சாக்கும்? மூட்டையா வாங்குனாத்தான் தருவீங்களோ?"

"அம்மா, இது என் சரக்கு. எந்தக் களத்துல காஞ்சுது, எந்த மாடு மிதிச்சுதுன்னு எனக்குத் தெரியும். குழம்புல கொதிச்சா நல்லதுதான். அறுத்த புண்ணுல வெச்சா? மண்ணுலயும் சாணியிலயும் இருக்கற ரணஜன்னி, அதான் டெட்டனஸ், அந்தக் கிருமி உள்ள போயிரும். அப்புறம் குழந்தை பால் குடிக்க வாயே திறக்காது!"

தாயையும் பிள்ளையையும் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தொப்புளைச் சுத்தம் செய்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஊசி போட்டு, அங்கேயே வைத்துக்கொண்டார். "அருவாள் பட்டிருக்கு. தாடை இறுகி, உடம்பு விறைச்சா ஆபத்து. பார்ப்போம்" என்றார்.

அப்புறம் தினமும் எனக்கு ஒரே கேள்வி... பால் குடிக்கிறானா? பால் குடிக்கிறானா?

ஒரு நாள் ஏலத்தின் நடுவே போன். எடுத்தால்... வீல் என்று அலறல்!

"கேட்டீங்களா மொதலாளி? பசியில கத்தறான்! பயமில்ல, வூட்டுக்குப் போங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க!"

என் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் கேட்கிறார்: "ஏனுங்கண்ணா, விலை அவ்வளவா இறங்கிருச்சு?"

நான் சிரிச்சேன் பாருங்க... அப்படி ஒரு சிரிப்பு!

தாய்மார்களே, இது அந்த ஒரு வீட்டுக் கதையா? தொப்புளில் சாம்பல் வேண்டாம், சாணி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மஞ்சளும் வேண்டாம்... சொல்வது மஞ்சள் வியாபாரி! மாசமாக இருக்கும்போதே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேருங்கள்.

குஞ்சம்மாளோடு அன்றைக்குப் போனிலேயே பேசி முடித்த பேரம்தான் உங்களுக்கும். ஊசியை விடாமல் போட்டு, தொப்புளில் எதையும் வைக்காமல் பிள்ளையை வளர்த்துக் காட்டுங்கள். பேர் வைக்கிற விருந்துக்கு அரைக் கிலோ மஞ்சள் என் கடையில் இலவசம். நான் கால் கிலோ என்றுதான் ஆரம்பித்தேன்... குஞ்சம்மாள் விடவில்லை.