செங்கல் உரசிய புண்

பின்கழுத்து வலிக்கிறது. மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடக்கிறவனுக்கு இது வரும். சின்ன வயதில் கீழக்குயில்குடிப் பக்கம் சூளையில் கல் சுமந்தபோதும் இதே இடம்தான் வலித்தது.

இப்போது சிம்மக்கல்லில் ஒரு லேபில் பெத்தாலஜி டாக்டர். அறுத்து அனுப்பும் சதையைப் பார்த்து என்ன நோய் என்று எழுதுவது என் வேலை. முனீஸ்வரியின் மார்க்காம்பில் எடுத்த துணுக்கை அவளே பாட்டிலில் கொண்டுவந்தாள். சூளையில் கல் சுமக்கிறவள். களிம்புக்கு ஆறாத புண். “செங்கல நெஞ்சோட அணைச்சுத் தூக்குறோம்ல சார், உரசி உரசிப் புண்ணாப் போச்சு” என்றாள். எங்கம்மாவுக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன்.

ஸ்லைடில் மேல்தோலுக்குள் சில பெரிய, வெளிறிய செல்கள் கிடந்தன. உரசலில் வந்த புண்ணில் அவை இருக்கக் கூடாது. மார்புக்குள் இருக்கும் புற்று காம்புத் தோலுக்கு ஏறி வந்தால் இப்படித் தெரியும். அம்மாவுக்கு இருந்த அதே உரசல்தான் என்று நான் தோல் அழற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூனியர் தமிழ்வாணி ஸ்லைடைப் பார்த்துவிட்டு, புற்றைக் காட்டும் சாயம், ஒரு ஸ்பெஷல் ஸ்டெயின், போட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். “சூளைப் பக்கம் போயிருக்கியாம்மா நீ? ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு, கல்லு சுமக்குறவ தோலப் பத்தி எனக்குச் சொல்றியா?” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் லீவு போட்ட அன்றைக்கு நானே அந்த ஸ்டெயினைப் போட்டேன். மார்புப் புற்று என்றால் செல் பழுப்பாகப் பிடிக்கும். பிடித்திருந்தது. முனீஸ்வரியின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டைத் திருத்தினால் தமிழ்வாணிக்குத் தெரிந்துவிடும். ஸ்லைடை உடைத்துக் குப்பையில் போட்டேன். கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மழைக்குச் சூளை நின்றதும் முனீஸ்வரி ஒரு பை கொய்யாவோடு வந்தாள். கக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதாம்.

“புண்ணு இருந்தா நெறி கட்டத்தானே சார் செய்யும்?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்வாணி நின்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அம்புட்டுத்தான் சார். நீங்க சூளையில வளந்த பிள்ள. அதான் வேற டாக்டர்ட்டப் போகாம இங்க வந்தேன்” என்று சிரித்துவிட்டு பஸ் ஏறப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அவள் நம்பரை எடுத்துப் பார்க்காத நாள் இல்லை. அவளுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒன்றுதான்: அது தோல் புண் இல்லை, மார்புப் புற்று என்கிற ஒரு வார்த்தை.