பொம்மையை இறக்கிய வாரம்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறி பூந்தமல்லி போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் டிபன் பாக்ஸும் கையுமாக இரண்டு பெண்கள்.

"கண்ணு பட்டுத்தான் யக்கா நம்ம கேண்டீன் போச்சு" என்றாள் சின்னவள்.

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஏன்டி, இடிக்கிறாங்களா?"

"பூசி, ரோஸ் கலர் அடிக்கிறாங்க. இடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

"நல்லதுதானே? வெறும் கான்கிரீட்டா நிக்குதே, எப்பத்தான் வேலைய முடிப்பாங்களோன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"ஐயே! அது முடிஞ்ச கட்டடம் யக்கா. பூசவே கூடாதுன்னு கட்டினது. கான்கிரீட் ஊத்தசொல்ல அடிச்ச பலகையோட வரி செவுத்துல அப்படியே கீது பாரு, வெயில் சாஞ்சா பொடவ கொசுவம் மாதிரி தெரியும்."

"முடிஞ்சதுன்னா திருஷ்டி பொம்மை ஏன் தொங்குச்சு?"

"வாட்ச்மேனும் உன்ன மாதிரிதான். வேலை முடியலன்னு நெனச்சு வருசக்கணக்கா அப்படியே உட்டு வெச்சிருந்தாரு. புது மேனேஜர் வந்து கயட்டச் சொன்னாரு. கயட்டின வாரமே சிமெண்ட் மூட்டை வந்து எறங்கிச்சு."

பெரியவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அடி போடி! யாராவது 'இன்னா அழகு'ன்னு சொன்னாத்தான் கண்ணு படும். அந்தச் செவுத்தப் பாத்து எவ சொல்லுவா?"

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அயனம்பாக்கம் ஏரிக்காற்று அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன் யக்கா. பொம்மை இல்லாம அன்னிக்குத்தான் முழுசா பாத்தேன். வாய் சும்மா இருக்கல."