நாற்பதாவது ஆள்

அஃப்ரா: முப்பத்தொம்பது.

வஜீஹா: நாப்பது.

அஃப்ரா: உம்மா, உங்க கண்ணு முன்னாடிதானே எண்ணினேன்? நாலு நாலா வெச்சேன். ஒம்பது கும்பல் வந்துச்சு. கடைசியில மூணு பழம். முப்பத்தொம்பது.

வஜீஹா: நான் வெக்கும்போது நாப்பது இருந்துச்சு. நடுவுல ஒண்ணு எங்க போச்சு?

அஃப்ரா: வாப்பா... வாயில என்ன?

ஷாஹுல்: ம்ம்... ஒண்ணுமில்ல.

அஃப்ரா: பேரீச்சம்பழமா?

ஷாஹுல்: பசிச்சுது.

வஜீஹா: பசிச்சா டப்பாவுல அரைக் கிலோ இருக்கே, அதுல எடுக்கக் கூடாதா? ஒரு பழம் ஒரு ஆளுன்னு பேர் சொல்லிச் சொல்லி வெச்சுக்கிட்டிருக்கேன். ஆளையே முழுங்கிட்டீங்களே!

ஷாஹுல்: ஆளில்லாத பழம்தானே.

வஜீஹா: என்னது?

ஷாஹுல்: ஒண்ணுமில்ல. கொட்டைய எங்க போடறது?

வஜீஹா: என் தலையில போடுங்க.

அஃப்ரா: ஊர்ல கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் மருதாணி வெச்சுக்கிட்டு கைய நீட்டிக்கிட்டு ஜாலியா உக்காந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ். நான் பிசுபிசுன்னு பழம் எண்ணிக்கிட்டிருக்கேன்.

ஷாஹுல்: வீட்டுல கணக்கு டீச்சர வெச்சுக்கிட்டு வெளியில போய் ஆள் தேடணுமா? இதோ பாரு, பிரியாணி ஆக்கற பண்டாரி கூப்புடறார்... சலாம் மெஹபூப் பாய்... ஆமா பாய்... மாப்பிள்ளை வீட்டுக் கணக்குதான் அன்னிக்கே சொல்லிட்டேனே... நம்ம பக்கம் ஆம்பளைங்க பந்திதான் பாக்கி... கறிக்கடையிலயா நிக்கறீங்க? அஞ்சு நிமிஷம் பாய், எத்தனை சஹன்னு சொல்லிடறேன்.

வஜீஹா: இதுல அஞ்சு நிமிஷம் என்ன யோசனை? பத்து சஹன். ஒரு தட்டுக்கு நாலு பேர். நாப்பது பேர்.

ஷாஹுல்: ஆள் முப்பத்தொம்பதுதான்.

வஜீஹா: நாப்பது!

ஷாஹுல்: சரி, முப்பத்தொம்பதுன்னே வெச்சுக்கோ. அது நாலுல அடங்காதா, அஃப்ரா?

அஃப்ரா: வாப்பா, நீங்க கடை வெச்சு நடத்தற ஆளு!

ஷாஹுல்: கடையில குடைய ஒண்ணொண்ணாத்தானே விக்கறேன்? சொல்லேன்.

அஃப்ரா: முப்பத்தொம்பது நாலோட மடங்கே இல்ல. போன வாரம் ஸ்கூல்ல இதத்தான் நடத்தினேன். தரையில நம்பர் எழுதி, நாலு நாலா தாண்டச் சொன்னேன். நாலு, எட்டு, பன்னெண்டு... நீங்க கால் வெக்கறீங்க பாருங்க, அதெல்லாம் நாலோட மடங்கு. முப்பத்தாறுல ஒரு கால் வெச்சா அடுத்த கால் நாப்பதுலதான். நடுவுல எங்கயும் நிக்க முடியாது.

ஷாஹுல்: நின்னா?

அஃப்ரா: மீதி வரும். அன்புச்செல்வின்னு ஒரு வாண்டு இருக்கு என் கிளாஸ்ல. மூணு மிச்சம்னு போர்டுல எழுதினேன். 'அந்த மூணு பேரு எங்க மிஸ் போவாங்க'ன்னு கேட்டுச்சு.

ஷாஹுல்: நீ என்ன சொன்னே?

அஃப்ரா: 'பெல் அடிச்சிடுச்சு'ன்னு சொன்னேன்.

வஜீஹா: இங்க யாரும் எங்கயும் போக வேணாம். நாப்பதுன்னு வெச்சா மிச்சமே இல்ல.

ஷாஹுல்: மூணு மூணா உக்கார வெச்சா? மும்மூணு... முப்பத்தொம்பது மூணுல அடங்குமா?

அஃப்ரா: அடங்கும். பதிமூணு தடவை.

ஷாஹுல்: அவ்வளவுதான்! பதிமூணு சஹன். முடிஞ்சுது.

வஜீஹா: என்ன முடிஞ்சுது? மாப்பிள்ளை வீட்டு வரிசையில நாலு நாலு பேரா உக்காந்திருப்பாங்க. எதிர் வரிசையில நம்ம ஆளுங்க மூணு மூணு பேரா உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஒவ்வொரு தட்டுலயும் ஒரு ஆள் வராமப் போயிட்டாங்களான்னு கேப்பாங்க. 'பொண்ணு வீட்டுல நாலாவது ஆள் எங்க'ன்னு என் சம்பந்தியம்மா பொம்பளைங்க பந்தியிலயே சத்தமாக் கேக்கும். அதுக்கு வாய் எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியாது.

அஃப்ரா: உம்மா, அது என் மாமியார்.

வஜீஹா: அதனாலதான் மெதுவாச் சொல்றேன்.

ஷாஹுல்: சரி, ஆளுக்கொரு பிளேட் வெச்சிடலாம். வம்பே இல்ல.

அஃப்ரா: ஒண்ணுக்கு எல்லா நம்பரும் மடங்குதான் வாப்பா. மீதியே வராது.

வஜீஹா: ஆமா, மீதியும் வராது, மரியாதையும் வராது. அதுக்கு நாம கல்யாணம் ஏன் பண்ணணும்? அடையாறுல ஏதாவது ஓட்டல்ல உக்கார வெச்சு பார்சல் குடுத்து அனுப்பிடலாம். கீழக்கரையிலேர்ந்து உங்க பெரியவங்க இந்தப் பட்டணத்துக்கு வந்து எத்தனையோ மாறிப் போச்சு. சஹன் மட்டும்தான் மாறாம இருக்கு.

ஷாஹுல்: அப்போ வெளியாள் ஒருத்தரக் கூட்டி உக்கார வெப்போம். மூணாவது மாடி கதிரேசன் சார் வரேன்னாரே.

வஜீஹா: அவருக்கு முட்டி வலி. கீழ உக்கார முடியாதுன்னு தனியா டேபிள் போட்டிருக்கு.

ஷாஹுல்: நம்ம கடை அப்துல் சமத்?

அஃப்ரா: அவர் ஏழாவது கும்பல்ல இருக்கார். இதோ, இந்த நசுங்கின பழம்.

ஷாஹுல்: அப்போ முப்பத்தாறே போதும். நம்ம பசங்க மூணு பேர் பரிமாறட்டும். கடைசியா சாப்பிட்டுக்கட்டும். ஒம்பது சஹன்னு சொல்லிடறேன்.

வஜீஹா: போன கீழ வைங்க.

ஷாஹுல்: வஜீஹா...

வஜீஹா: வைங்கன்னா! இருக்கற ஆளுங்களக் கூட எழுப்பிவிட்டுக் கணக்க சரி பண்ணுவீங்க. ஒரு ஆளச் சேக்க மட்டும் உங்களுக்கு மனசு வராது.

ஷாஹுல்: எந்த ஆள?

வஜீஹா: அஃப்ரா, அந்த டப்பாவ மூடு.

ஷாஹுல்: கேக்கறேன்ல, நாப்பதாவது யாரு?

அஃப்ரா: வாப்பா, விடுங்க...

ஷாஹுல்: நீ சும்மா இரு. அவ வாயால சொல்லட்டும்.

வஜீஹா: சொல்றேன். எனக்கென்ன பயம்? நான் பெத்த புள்ள. காஷிஃப். பேரக் கேட்டதும் மூஞ்சியத் திருப்பிக்காதீங்க.

ஷாஹுல்: திருப்பல. ஃபேன் காத்து கண்ணுல அடிக்குது.

வஜீஹா: உங்க தங்கச்சி பொண்ணக் கட்ட மாட்டேன்னு சொன்னான். அவ்வளவுதானே அவன் பண்ண தப்பு? நிச்சயம் பண்ணின அப்புறம் சொன்னான், தப்புதான். நான் இல்லங்கல. உங்க தங்கச்சி கதறினா, நானும்தான் சேந்து கதறினேன். இப்போ அந்தப் பொண்ணே கல்யாணமாகி, புள்ள பெத்து, சிரிச்சுக்கிட்டு இருக்கு. உங்க தங்கச்சி அஸ்மத்துன்னிசா கூட மறந்தாச்சு. நீங்க மட்டும்...

ஷாஹுல்: நான் இப்ப ஏதாவது சொன்னேனா?

வஜீஹா: சொல்லல. பண்ணினீங்க. உங்க அண்ணன் மகன் கல்யாணத்துல பண்ணினீங்க.

அஃப்ரா: உம்மா, வேணாம். கல்யாண நேரத்துல.

வஜீஹா: கல்யாண நேரத்துலதானே அவர் பண்ணினார்! புள்ள சலாம் சொல்லிட்டு வந்து ஒரு சஹன்ல உக்காந்தான். நாலு நாலா சரியா உக்காந்திருந்தாங்க. சோறு வெச்சாச்சு. பிஸ்மி சொல்லிக் கை வெக்கப் போற நேரம். இவர் எந்திரிச்சுப் போய், அவன் கூட இருந்த மூணு பேரையும் எழுப்பினார். மூணு பேரையும் கொண்டுபோய் வேற வேற தட்டுல திணிச்சார். அங்கல்லாம் அஞ்சஞ்சு பேர், கை போட இடமில்லாம. இந்தப் பக்கம் நாலு பேர் சோறு, நாலு பேர் கறி, ஒத்தையா என் புள்ள.

ஷாஹுல்: போதும்.

வஜீஹா: பொம்பளைங்க பக்கத் திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ஒரு வாய் எடுத்து வெச்சான். அத முழுங்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? கைய கழுவிட்டுப் போனவன்தான்.

ஷாஹுல்: தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்.

வஜீஹா: பாத்தீங்கல்ல? அப்புறம் ஒரு தடவையாவது...

ஷாஹுல்: ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். எல்லார் முன்னாடியும் ஒரு அறை விட்டிருந்தாக்கூட அவன் மறந்திருப்பான். நான் பண்ணினது அதவிடக் கேவலம். நான் இல்லன்னு சொல்லல, வஜீஹா. சாப்பிட உக்காரும்போதெல்லாம் அதுதான் கண்ணுக்குள்ள வந்து நிக்குது.

அஃப்ரா: வாப்பா... இத நீங்க சொன்னதே இல்லையே.

ஷாஹுல்: யார்கிட்ட சொல்றது?

வஜீஹா: என்கிட்ட சொல்லியிருக்கலாமே மனுஷா. நான் பக்கத்துலதானே கெடக்கறேன்.

அஃப்ரா: உம்மா, சொல்லிடுங்க. இதவிட நல்ல நேரம் வராது.

வஜீஹா: நீயே சொல்லு.

அஃப்ரா: நான் கல்யாணப் பொண்ணு, என்ன அடிக்க மாட்டாங்க, அதானே? சரி. வாப்பா, பத்து நாளைக்கு முன்னாடி நீங்க அஸர் தொழப் போனப்போ உம்மா காஷிஃப் காக்காவுக்குப் போன் போட்டாங்க. கல்யாணத்துக்கு வான்னு கூப்பிட்டாங்க. நானும் பேசினேன். காக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்க.

ஷாஹுல்: ம்.

அஃப்ரா: கோவமா?

ஷாஹுல்: இல்ல.

வஜீஹா: இல்லையா? அப்போ ஒரே ஒரு வார்த்தை குடுங்க எனக்கு. அவன் வந்து உக்காந்தா, யாரையும் எழுப்ப மாட்டேன்னு சொல்லுங்க. வேற எதுவும் கேக்கல. நீங்க அவன்கூடப் பேசக் கூட வேணாம்.

ஷாஹுல்: எழுப்ப மாட்டேன்.

வஜீஹா: அல்லா மேல?

ஷாஹுல்: அல்லா மேல. என் கூடவே உக்காரட்டும். நானே அவனுக்குக் கறி எடுத்து வெக்கறேன்.

வஜீஹா: யா அல்லாஹ்... அஃப்ரா, கேட்டியா? அழாதடி, மூஞ்சி வீங்கிடும். ஃபோட்டோவுல நல்லா வராது.

அஃப்ரா: நீங்க மட்டும் என்ன பண்றீங்களாம்? இந்தாங்க வாப்பா, போன். பத்து சஹன்னு சொல்லுங்க. நாப்பது. டீச்சர் டிக் போட்டாச்சு.

ஷாஹுல்: ஒம்பதுன்னு சொல்லிடறேன்மா.

அஃப்ரா: வாப்பா?

வஜீஹா: இப்பதானே சத்தியம் பண்ணினீங்க!

ஷாஹுல்: பண்ணினேன். ஆனா ஆள் முப்பத்தொம்பதுதான்.

வஜீஹா: என்ன வெளையாட்டு இது? வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணு. உங்க மனசு இன்னும் எறங்கல. அவன் வர்றேன்னு என்கிட்ட சொன்னான். என் காதால கேட்டேன்.

ஷாஹுல்: தெரியும். 'உம்மா, பிரியாணியில உருளைக்கிழங்கு போடச் சொல்லுங்க'ன்னு சொன்னான்.

வஜீஹா: அத நாங்க உங்ககிட்ட சொல்லலையே?

ஷாஹுல்: சொல்லல.

அஃப்ரா: அப்போ எப்படி... வாப்பா, காக்காகிட்ட பேசினீங்களா?

ஷாஹுல்: நாலு நாளைக்கு முன்னாடி பத்திரிகை குடுக்க நங்கநல்லூர் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே...

வஜீஹா: ஆமா, போனீங்க. மதியச் சோறு கூட வேணாம்னு வந்து படுத்தீங்க.

ஷாஹுல்: நங்கநல்லூர் போகல. பாலவாக்கம் போனேன். திருவான்மியூர்ல எறங்கி, அடுத்த பஸ் ஏறலாமா திரும்பிடலாமான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஏறிட்டேன்.

வஜீஹா: கதவத் தொறந்தானா?

ஷாஹுல்: தொறந்தான். 'வாங்க வாப்பா'ன்னான், நேத்துத்தான் பாத்த மாதிரி. மெலிஞ்சுட்டான். அவனே ஆக்கின சோறு, மீன் கொழம்பு. வீட்டுல இருந்த பெரிய தட்டுல போட்டு நடுவுல வெச்சான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டோம்.

வஜீஹா: அல்ஹம்துலில்லாஹ்! இத இத்தன நாள் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு... அப்புறம் என்னங்க? சமாதானம் ஆயிட்டீங்கதானே? அவன் வர்றான்தானே?

ஷாஹுல்: கையப் புடிச்சுக் கூப்பிட்டேன், வஜீஹா. கால்ல விழாத குறை. 'உங்க மேல கோவம் இல்ல வாப்பா, சபையிலதான் உக்கார முடியல'ன்னான். ஆபீஸ்ல யாருக்கோ கல்யாணம்னு போயிருக்கான். சாப்பிட உக்காந்ததும் பக்கத்துல ஒருத்தர் தண்ணி எடுக்க எந்திரிச்சிருக்கார். தண்ணிக்குத்தான் எந்திரிச்சார். இவன் எலையில கைகூட வெக்காம ஓடி வந்துட்டானாம். 'தங்கச்சி கல்யாணத்துல அப்படி ஆயிடக் கூடாது, நான் வரல'ன்னான். 'வர்றேன்னு உம்மாகிட்ட சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்குமாவது சந்தோஷமா இருக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க'ன்னு கேட்டான். சொல்ல மாட்டேன்னுதான் அவனுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தேன்.